பள்ளி மூடியிருக்கும்போது பாடம் நடப்பது எப்படி?

பள்ளிக்கூடம் என்றதும் நம் மனக்கண்முன் எழுவது ஒரு கட்டடம். அதன் வாயில், மணி, கரும்பலகை, வரிசையாகப் போட்ட பெஞ்சுகள். அக்கட்டடத்தின் கதவு ஓரிரு நாளல்ல, மாதக்கணக்கில் மூடியிருக்குமாயின், பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது? ஆசிரியர் ஓரிடம், மாணவர் பலவிடம், நூலகமும் ஆய்வுக்கூடமும் பூட்டிய அறைக்குள் என்ற நிலையில் ஓர் உயர்நிலைப் பள்ளி தன் கடமையை எவ்வாறு நிறைவேற்றுகிறது? இதனை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

இது ஏட்டளவில் எழுந்த கேள்வியன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றின் காரணமாக நம் நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. ஏறத்தாழ 15 லட்சம் பள்ளிகள். அவற்றிற் பயின்றுவந்த மாணவர் ஏறத்தாழ 25 கோடிப் பேர். சில வாரங்களில் திறந்துவிடும் என்று நம்பியவர் பலர். ஆனால் பல மாநிலங்களில் உயர் வகுப்புகள் ஒழுங்காக நடைபெற 2021ஆம் ஆண்டின் பிற்பகுதி வரை காத்திருக்க நேர்ந்தது. தொற்று தணிந்த பின்னரும் இந்நிலை முற்றிலும் நீங்கிவிடவில்லை. தலைநகராம் டில்லியில் 2021, 2023, 2024 ஆகிய ஆண்டுகளின் நவம்பர் மாதத்தில் காற்று மாசு மிகுந்தமையால் பள்ளிகளில் நேரடி வகுப்புகள் நிறுத்தப்பட்டன. ஆகவே, பள்ளி மூடியிருக்கும் காலத்துப் பாடம் என்பது கடந்துபோன கதையன்று. எந்தப் பள்ளியும் எந்தப் பெற்றோரும் அறிந்துவைக்க வேண்டிய செய்தியாகும்.

தொலைவிலிருந்து பாடம் சொல்லும் முயற்சி புதியதும் அன்று. 1937ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, பள்ளிகளைத் திறக்காமல் நிறுத்தி வைத்தார்கள். நகரத்து வானொலி நிலையங்கள் தங்கள் நேரத்தை வழங்கின. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலுள்ள குழந்தைகளுக்குக் கால் மணி நேரப் பாடங்கள் ஒலிபரப்பாயின. எந்த நேரத்தில் எந்தப் பாடம் என்பதை அன்றாடம் செய்தித்தாள்கள் அச்சிட்டன. ஐயம் கேட்கும் பெற்றோருக்கு விடையளிக்க ஆசிரியர்கள் தொலைபேசி அருகே அமர்ந்தனர். அன்று எழுந்த குறைகளும் கவனிக்கத்தக்கவை. சில வீடுகளில் ஒலி தெளிவாகக் கேட்கவில்லை; பாடம் விரைந்து சென்றுவிட்டது; கேள்வி கேட்கக் குழந்தைக்கு வழியில்லை. கருவிகள் எத்தனையோ மாறிய பின்னும் 2020ஆம் ஆண்டில் நாம் கேட்ட குறைகள் இவைதாமே!

இனி, ஒரு பள்ளி செய்ய வேண்டிய பணிகளை முறையாகக் காண்போம்.

முதற்பணி கணக்கெடுப்பு. பாடத்தைத் தொடங்குமுன், யாரிடம் என்ன இருக்கிறது என்று தலைமையாசிரியர் அறிதல் வேண்டும். 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி, நம் நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 24 வீடுகளிலேதான் இணைய வசதி இருந்தது. கணிப்பொறி இருந்த வீடுகள் நூற்றுக்கு ஏறத்தாழ 11. பின்னர் ஸ்மார்ட்போன் விரைந்து பரவிற்று. ஆயினும், கிராமப்புறங்களில் 2021ஆம் ஆண்டு எடுத்த அஸர் என்னும் கல்விநிலை அறிக்கை ஓர் உண்மையைச் சுட்டிற்று: வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்த மாணவர்களிலும் நால்வரில் ஒருவருக்கு அது கைக்குக் கிட்டவில்லை. காரணம் வெளிப்படை. போன் தந்தையுடையது, தந்தை வேலைக்குச் செல்லும்போது அதுவும் உடன் செல்கிறது. வீட்டில் மூவர் படித்தால், ஒரே நேரத்தில் மூன்று வகுப்புகள், கருவி ஒன்று. பெரும்பாலும் அண்ணனுக்குக் கிடைத்த பின்னரே தங்கைக்கு.

ஆதலால் ‘போன் உண்டா, இல்லையா’ என்ற ஒரே கேள்வி போதாது. அது யாருடையது, எந்த நேரத்தில் வீட்டில் இருக்கும், எத்தனை பேர் பங்கிடுகிறார்கள், வீட்டில் தொலைக்காட்சியோ வானொலியோ உண்டா, அருகில் வேறு மாணவர் வீடு எது என்ற ஐந்து செய்திகளையும் ஒவ்வொரு மாணவரிடமிருந்தும் பெற்று ஏட்டிற் குறித்துக்கொள்ளும் பள்ளியே அடுத்த படிக்குச் செல்லத் தகுதியுடையதாகிறது. இக்கணக்கை எடுக்காமல் வகுப்புத் தொடங்கிய பள்ளிகளில், இருப்பவர் கற்றனர். இல்லாதவர் இல்லாதவராகவே நின்றனர்.

இரண்டாம் பணி, பாடம் செல்லும் வழியைத் தேர்தல். ஒரே வழியை நம்புதல் கூடாது என்பதே இந்நாடு கற்ற பாடம். கேரள அரசு 2020ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள், வழக்கமாகப் பள்ளி திறக்கும் அதே நாளில், ‘முதல் மணி’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரில் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாக வகுப்புகளைத் தொடங்கிற்று. தொலைக்காட்சி இல்லாத பிள்ளைகளுக்கு நூலகங்களிலும் பொதுவிடங்களிலும் பெட்டி வைத்துக் காட்ட ஏற்பாடாயிற்று. தமிழ்வழியிற் பயிலும் பிள்ளைகளுக்கெனத் தமிழிலும் பாடங்கள் அணியமாயின என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. மத்திய அரசு அதே ஆண்டு மே மாதம் பிரதமர் ஈ-வித்யா என்ற திட்டத்தை அறிவித்து, ஒரு வகுப்புக்கு ஓர் அலைவரிசை என்ற முறையை வகுத்தது. நாகபுரி வானொலி வாயிலாக மராத்தியில் குழந்தைகளுக்குக் கல்வி ஒலிபரப்பு நடந்தது. ஜார்க்கண்டின் தும்கா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் மரங்களிலே ஒலிபெருக்கிகளைக் கட்டி ஆசிரியர்கள் பாடம் நடத்தினார்கள். கருவி எளியதாயினும், போன் இல்லாத குழந்தைக்கும் பாடம் எட்டும் என்பதே அதன் பெருமை.

உயர்நிலைப் பள்ளி இவ்வழிகளை அடுக்கடுக்காகப் பயன்படுத்தலாம். பொதுப்பாடத்துக்குத் தொலைக்காட்சியும் வானொலியும். ஐயம் தீர்க்க நேரலை வகுப்பு. நேரலைக்கு வர இயலாதவருக்குப் பதிவு செய்த பாடம். எதுவுமே இல்லாதவருக்குத் தாள். இவற்றுள் தாளை இழிவாக எண்ணுதல் தவறு. வாரம் ஒரு நாள் பெற்றோர் பள்ளி வாயிலுக்கு வந்து வினாத்தாள்களைப் பெற்றுச் செல்வதும், மறுவாரம் எழுதிய விடைகளைச் சேர்ப்பித்துத் திருத்திய தாள்களைக் கொண்டுசெல்வதும் மிக உறுதியான முறை. மின்சாரமும் இணையமும் தடைப்பட்டாலும் தாள் தடைப்படாது.

செலவையும் நினைத்தல் வேண்டும். ஒரு மணி நேர நேரலை ஒளிப்பாடத்துக்குப் பல நூறு மெகாபைட் தரவு செலவாகலாம். அதே ஒரு மணி நேரப் பாடத்தைக் குரலாக மட்டும் பதிவு செய்தால் சுமார் 15 மெகாபைட்டில் அடங்கிவிடும். நாட்கூலி பெறும் ஒரு தந்தை நாள்தோறும் தரவுக்குப் பணம் கட்டுவதற்கும், வாரம் ஒருமுறை கட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இது. வரைபடமோ வாய்பாடோ வேண்டாத வரலாற்றுப் பாடத்தையும் செய்யுள் விளக்கத்தையும் குரலாக அனுப்பினால் குறையொன்றுமில்லை.

மூன்றாம் பணி கால அட்டவணை. பள்ளியில் ஒன்பது மணிமுதல் மாலைவரை நடக்கும் எட்டுப் பாடவேளைகளை அப்படியே திரைக்கு மாற்றியவர்கள் விரைவிற் களைத்தார்கள். 2020ஆம் ஆண்டு ஜூலையில் மத்தியக் கல்வித்துறை ‘பிரக்யாதா’ என்ற பெயரில் வெளியிட்ட நெறிமுறை இதற்கு அளவு வகுத்தது. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலுள்ளோருக்கு நாளொன்றுக்கு, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் கொண்ட, நான்கு நேரலை வகுப்புகளுக்கு மேல் வேண்டாம் என்பது அதன் அறிவுரை. அந்த அளவுக்குள் நிற்க வேண்டுமாயின், எதனை நேரலையில் நடத்துவது, எதனை மாணவர் தாமே படிக்க விடுவது என்று ஆசிரியர் பகுத்தறிய வேண்டும். அதே மாதம், மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் உயர் வகுப்புகளின் பாடத்திட்டத்தில் 30 விழுக்காடு வரை குறைத்ததும் இது கருதியே.

நான்காம் பணி பாடத்தின் அமைப்பு. வகுப்பறையில் ஆசிரியர் மாணவர் முகத்தைப் பார்த்தே பாதி உண்மையை அறிந்துகொள்கிறார். புருவம் சுருங்கினால் மறுபடியும் சொல்லுகிறார். திரையில் அந்த வசதியில்லை. ஒளிப்படத்தை நிறுத்தி வைத்திருக்கும் நாற்பது பெயர்களே அவருக்குத் தெரிகின்றன. ஆகவே, முகம் சொன்ன செய்தியை நோட்டுப் புத்தகம் சொல்லும்படி செய்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, பத்தாம் வகுப்பில் முக்கோணவியலைக் கொண்டு உயரம் காணும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் மாலை, பத்து நிமிடப் பதிவு ஒன்றை ஆசிரியர் அனுப்புகிறார். பாடநூலில் படிக்க வேண்டிய பக்கத்தையும் குறிக்கிறார். மறுநாட் காலை மாணவர் தம் வீட்டருகே வெயிலில் ஒரு கோலை நட்டு, கோலின் நீளத்தையும் நிழலின் நீளத்தையும் அளக்கிறார். அதே நேரத்தில் ஒரு விளக்குக் கம்பத்தின் நிழலையும் அளக்கிறார். கோல் 1 மீட்டர், அதன் நிழல் 0.8 மீட்டர், கம்பத்தின் நிழல் 4.8 மீட்டர் எனின், கம்பத்தின் உயரம் 6 மீட்டர் எனக் காண்கிறார். அக்கணக்கை நோட்டில் எழுதிப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். ஆசிரியர் இருபது நோட்டுகளைப் பார்த்த அளவில், யார் எந்தப் படியில் தவறினர் என்பது விளங்கிவிடுகிறது. அன்று மாலை நடக்கும் முப்பது நிமிட நேரலை வகுப்பில் அந்தத் தவறுகளை மட்டுமே பேசுகிறார். விரிவுரைக்கு நேரலை வேண்டாம். உரையாடலுக்கே அது வேண்டும். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தால் நேரமும் தரவும் மிஞ்சும், கல்வியும் மிஞ்சும்.

அறிவியற் செய்முறையே கடினமான பகுதி. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலுள்ளோருக்காக அமிர்தா பல்கலைக்கழகமும் சீ-டாக் நிறுவனமும் அமைத்த இணைய ஆய்வுக்கூடம், சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க உதவுகிறது. எலுமிச்சைச் சாறு, சோடா உப்பு, மஞ்சள்தூள் ஆகியவற்றைக் கொண்டு அமிலம், காரம் பற்றிய சிறு சோதனைகளை அடுக்களையிலும் செய்யலாம். எனினும், பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் திரவத்தின் நிறம் மாறும் கணத்தில் கையை நிறுத்தும் பயிற்சி திரையில் வாராது. பள்ளி திறந்தபின் முதலில் ஈடு செய்ய வேண்டிய கடன் அது.

ஐந்தாம் பணியே அனைத்திலும் பெரியது: ஒருவரையும் தொலைத்துவிடாதிருத்தல். பள்ளி நடக்குங்கால் ஒரு மாணவர் மூன்று நாள் வாராவிட்டால் அவர் பெயருக்கு நேரே மூன்று குறிகள் விழும், கண்ணில் படும். திரைவழி வகுப்பில் ஒருவர் மறைந்தால், இணையம் சரியில்லை போலும் என்று எண்ணிவிடுவது எளிது. உயர்நிலை வகுப்புப் பருவத்தில் இந்த அலட்சியம் மிகத் தீங்கானது. ஏனெனில், இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் காப்பது ஆறு முதல் பதினான்கு வயது வரையிலுள்ள குழந்தைகளை. சத்துணவும் நடுவண் திட்டப்படி எட்டாம் வகுப்பு வரைதான். பதினைந்து வயதுப் பையன் கடையிலோ பட்டறையிலோ வேலைக்கு நின்றால் குடும்பத்துக்கு வருமானம் உண்டு. பதினாறு வயதுப் பெண்ணுக்கு வீட்டு வேலை காத்திருக்கிறது. சில இடங்களில் திருமணப் பேச்சும் எழுகிறது. இரண்டு மாதத்துக்கென்று பள்ளியை விட்டவர் பின்பு திரும்புவதில்லை.

ஆகையால், நல்ல பள்ளியில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் பதினைந்து இருபது மாணவரைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அவர் வாரம் ஒருமுறையேனும் அந்த மாணவருடன் போனில் பேசுகிறார். பேச்சு பாடத்தைப் பற்றியதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சாப்பிட்டாயா, வீட்டில் நலமா என்பதும் போதும். இருமுறை அழைத்தும் கிட்டாத பெயர் தலைமையாசிரியருக்குப் போகிறது. அங்கிருந்து அண்டை வீட்டுக்கும், உடன் பயிலும் நண்பனுக்கும், இறுதியில் நேரிற் செல்லும் ஆசிரியருக்கும் செய்தி போகிறது. வருகைப் பதிவேட்டின் உண்மைப் பொருள் இதுதான். திரையில் பெயர் தெரிந்ததைக் கணக்கிடுவது வருகையாகாது. மாணவர் இன்னும் நம்முடன் இருக்கிறாரா என்று அறிவதே வருகை.

ஆறாம் பணி தேர்வு. வீட்டில் எழுதும் தேர்வை யாரும் பொருட்படுத்த வேண்டியதில்லை என்ற எண்ணம் தொடக்கத்திற் பரவலாக இருந்தது. அதன் விளைவை 2021ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய வாரியத்தின் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வும், ஜூன் 1ஆம் நாள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் கைவிடப்பட்டன. பன்னிரண்டாம் வகுப்புக்குரிய மதிப்பெண்ணை வகுத்த முறையாவது: பத்தாம் வகுப்புக்கு 30 விழுக்காடு, பதினோராம் வகுப்புக்கு 30, பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளி நடத்திய தேர்வுகளுக்கு 40. எளியவை என்று கருதிய பள்ளித் தேர்வுகளே கல்லூரி வாயிலைத் திறக்கும் சாவிகளாயின! அவற்றை ஒழுங்காக நடத்தி, விடைத்தாள்களைப் பாதுகாத்து வைத்த பள்ளிகளின் மாணவர் நியாயம் பெற்றனர். ஆகவே, மூடிய காலத்திலும் தேர்வுகள் நடைபெற வேண்டும். ஆனால் புத்தகத்தைப் பார்த்து எழுதினாலும் சிந்தித்தே விடை காண வேண்டியவையாக வினாக்கள் அமைதல் வேண்டும். ஐந்து நிமிட வாய்மொழித் தேர்வும் நன்று. தாம் எழுதிய விடையைத் தாமே விளக்கச் சொன்னால், எழுதியவர் யார் என்பது தெரிந்துவிடும்.

இனி, பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கென்று சிலவற்றைச் சொல்லுதல் வேண்டும். மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்திவருகிறது. டில்லித் தமிழ்க் கல்விக் கழகமும் பள்ளிகளை நடத்துகிறது. இப்பள்ளிகளிற் பயில்வோர் ஒரு சிலரே. ஏனையோர் இந்தியிலோ மராத்தியிலோ கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பயில்கின்றனர். பள்ளி திறந்திருக்கும்போது மொழிக்குறையை நண்பர் கூட்டம் நிறைத்துவிடுகிறது. பள்ளி மூடியதும் குழந்தை தனித்துப்போகிறது. தாயார் சுற்றறிக்கையைப் படிக்க இயலாமல் திகைக்கிறார். அண்டையில் அம்மொழி அறிந்த தமிழர் ஒருவர், நாள்தோறும் அரைமணி நேரம் நான்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு அறிவிப்பைப் படித்துச் சொன்னாற்கூட அது பேருதவியாகும். நம் தமிழ்ச் சங்கங்கள் விழாக்களுக்கு எடுக்கும் முயற்சியிற் சிறு பகுதியை இதற்கும் எடுக்கலாகாதா?

2020ஆம் ஆண்டு கோடையில் நகரங்களிலிருந்து பல குடும்பங்கள் சொந்த ஊர் திரும்பின. ஊர் சென்றாலும், பிள்ளையின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும்வரை அவர் அப்பள்ளியின் மாணவரே. ஆகவே புதிய போன் எண்ணையும் ஊர் முகவரியையும் வகுப்பாசிரியருக்குத் தெரிவித்தல் பெற்றோரின் முதற்கடமை. நெடுங்காலம் ஊரிலேயே தங்க நேர்ந்தால், மாற்றுச் சான்றிதழைப் பெற்று அங்குள்ள பள்ளியிற் சேர்த்தல் வேண்டும். இரண்டுக்கும் நடுவே பிள்ளையை நிறுத்திவிடலாகாது. தமிழ்ப் பயிற்சி குன்றாதிருக்க, 2001ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களும் நூலகமும் வீட்டிலிருந்தே பயன்படுத்தத் தக்கவை.

இறுதியாக, பள்ளி மீண்டும் திறக்கும் நாள். அன்றே விட்ட இடத்திலிருந்து பாடத்தை ஓட்டத் தொடங்குவது பிழை. யார் எதை மறந்தார் என்று எளிய வினாக்களால் அளந்து, முந்திய வகுப்பின் அடிப்படைகளைச் சில வாரம் மீண்டும் கற்பித்தல் வேண்டும். செய்முறைகளை முதலில் நிறைவேற்றுதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, மூடிய நாளில் இருந்த பெயர்ப் பட்டியலையும் திறந்த நாளில் வந்தோர் பட்டியலையும் அருகருகே வைத்து ஒப்பிடுதல் வேண்டும். வாராத பெயர் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் முகவரி. அந்த வீட்டுக்கு ஒருவர் நடந்து செல்ல வேண்டும்.

தொடக்கத்தில், பூட்டிய கட்டடத்தை விட்டுப் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்று கேட்டோம். ஓர் ஆசிரியர் தம் பதிவேட்டைத் திறந்து, இன்று யாரிடம் பேசவில்லை என்று பார்க்கும் இடத்தில் அது இருக்கிறது. அந்த அழைப்பு வரும்போது, போனை எடுத்துப் பிள்ளையின் கையிற் கொடுக்கும் பெற்றோரிடத்தும் அது இருக்கிறது.